டீசல் இன்டேக்கில் கரி: கேள்வி பதில்

கே: நல்ல பங்க்கில்தான் டீசல் போடுகிறேன். அப்புறமும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் ஏன் இவ்வளவு கரி?

ப: மேனிஃபோல்டு என்பது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய். போடும் டீசல் அதைத் தொடுவதே இல்லை, நேராக சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. மேனிஃபோல்டுக்கு வருவது இரண்டு சரக்கு. ஒன்று, இ.ஜி.ஆர். வால்வு (எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்டேக்குக்குள் விடும் வால்வு) திருப்பி அனுப்பும் புகையிலுள்ள கரித்தூள். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு: உள்ளே ஆக்சிஜன் குறைந்தால் எரியும் வெப்பமும் தணியும். மற்றது, இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் கிராங்க்கேஸ் பிரீதர் குழாய் டர்போவுக்கு முன்னால் கொண்டுவந்து விடும் ஆயில் ஆவி. வெறும் கரித்தூள் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். ஆயில் சேர்ந்தால்தான் தார் மாதிரி ஒட்டுகிறது. பழியெல்லாம் இ.ஜி.ஆர். மேல் போடுகிறவர்கள் பிரீதரைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

கே: 2015 மாடல், 1.3 லிட்டர் டீசல் சார். பிக்கப் இல்லை, ஏற்றத்தில் கரும்புகை. ஸ்கேனரில் பி0401. மேனிஃபோல்டைக் கழற்றச் சொல்கிறார்கள்.

ப: கொஞ்சம் பொறுங்கள். பி0401 என்றால் இ.ஜி.ஆர். வழியாகப் போதிய புகை திரும்பவில்லை என்று அர்த்தம். அது மட்டும் கரும்புகை தராது; கரும்புகைக்குக் காரணம் காற்றுப் பற்றாக்குறை. முதலில் ஏர் ஃபில்டர். பிறகு டர்போவிலிருந்து இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), அங்கிருந்து மேனிஃபோல்டு வரை ஹோஸ்களை விரலால் தடவிப் பாருங்கள். ஆயில் கசிந்து ஈரமாக இருக்கும் இடத்தில் வெடிப்போ தளர்ந்த கிளிப்போ இருக்கும். அடுத்து, ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது) ஸ்கேனரால் இ.ஜி.ஆர். வால்வைத் திறந்து மூடி, ஏர் ஃப்ளோ சென்சார் அளவைக் கவனியுங்கள். வால்வு திறந்தால் அளவு இறங்க வேண்டும். அசையவே இல்லையென்றால் வழி அடைத்திருக்கிறது, அல்லது வால்வு சிக்கியிருக்கிறது. அதன்பின் மேனிஃபோல்டு வாய்க் குழாயைக் கழற்றி டார்ச் அடியுங்கள். மெல்லிய கறுப்புப் படலம் சகஜம். வாயே சுருங்கியிருந்தால்தான் கழற்றும் வேலை.

கே: கழற்றாமல் ஸ்ப்ரே அடித்தால் போதாதா?

ப: டீசலில் இது ஆபத்தான வேலை. உள்ளே போகும் கரைப்பான் அதுவே எரிபொருளாகி, இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் எகிறலாம். சாவியை அணைத்தாலும் உடனே நிற்காது. தேங்கிய திரவம் சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளையும். பெயர்ந்த கட்டி வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே சிக்கினால் கம்ப்ரஷன் போகும். டேங்கில் ஊற்றும் மருந்து இன்ஜெக்டரோடு சரி, மேனிஃபோல்டுக்குப் போகாது.

கே: கழற்றிச் சுத்தம் செய்யும் முறை?

ப: பேட்டரி நெகட்டிவை எடுங்கள். இ.ஜி.ஆர். கூலர் குழாயையும் கழற்றுவதானால் கூலன்ட்டை வடியுங்கள். சென்சார்களை முதலில் கழற்றி, அதற்குரிய கிளீனரால் மட்டும் சுத்தம் செய்யுங்கள், பிரஷ் கூடாது. அலுமினிய மேனிஃபோல்டை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரக்குச்சியாலும் நைலான் பிரஷ்ஷாலும் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரமே இல்லாமல் காயவையுங்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே அரிக்கும். எவ்வளவு சீக்கிரம் கரி போனாலும் வேண்டாம். ஸ்விர்ல் ஃபிளாப் (காற்றைச் சுழலவிடும் சிறு மடல்) இருந்தால் அதன் தண்டில் ஆட்டம் உண்டா என்று பாருங்கள். உடைந்து உள்ளே விழுந்தால் இன்ஜினே காலி.

ஹெட் போர்ட்டில் (இன்ஜின் ஹெட்டிலுள்ள காற்று வாயில்) கைவைக்கும் முன், கிராங்கைச் சுற்றி அந்த சிலிண்டரின் இன்டேக் வால்வுகள் மூடியிருக்கும்படி நிறுத்துங்கள். மற்ற போர்ட்களில் துணி அடையுங்கள், எத்தனை துணி என்று எண்ணி வையுங்கள். சுரண்டியதை வாக்குவம் கொண்டு உறிஞ்சுங்கள். கேஸ்கெட் எல்லாம் புதிது. போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

கே: ஹைவேயில் விரட்டினால் எரிந்துவிடும் என்கிறார்களே?

ப: கரி தானாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி வேண்டும். இன்டேக்குக்கு அந்தச் சூடு வராது. ஹைவே ஓட்டம் எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு நல்லது, இன்டேக்கில் புதிதாகச் சேர்வதும் குறையும். பழையது அப்படியேதான் இருக்கும்.

கே: சுத்தம் செய்த வண்டியில் மறுபடி சீக்கிரமே அடைக்கிறது.

ப: தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்று இன்ஜின் சூடேறாமல் ஓடுகிறதா, ஆயில் டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, ஏ.சி. போட்டு மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கிறதா என்று பாருங்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை பலமாக வீசுகிறதென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது மேனிஃபோல்டை எத்தனை முறை கழுவினாலும் வீண்.

கே: இ.ஜி.ஆரை பிளேட் வைத்து அடைத்துவிடலாமா?

ப: வேண்டாம். நைட்ரஜன் ஆக்சைடு ஏறும், சட்டப்படியும் தப்பு. பி.எஸ்.6 மாசு விதிப்படி வந்த வண்டியில் செக் லைட் எரிந்து, பவரையும் குறைத்துவிடலாம்.

கே: இன்டர்கூலர் ஹோஸில் ஆயில். டர்போ போச்சா?

ப: லேசான பூச்சு என்றால் பிரீதர் ஆவிதான். தேங்கி ஊற்றும் அளவென்றால் டர்போ ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். இறக்கை உறையில் உரசினால் டர்போ வேலை.