ராணுவ அரசியல் படிக்க விரும்பும் மகள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அம்மா, மக்கள் எழுச்சிக்குப் பிறகு ராணுவம் என்ன செய்கிறது என்பதைப் படித்தால் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் உங்கள் மகள் என்னிடம் கேட்ட கேள்வி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: "2011இல் துனிசியாவிலும் எகிப்திலும் அதிபர்கள் வீழ்ந்தார்கள். துனிசிய ராணுவம் ஆட்சியைக் கையில் எடுக்கவில்லை, எகிப்திய ராணுவம் எடுத்துக்கொண்டது. ஏன்?"

பதிலின் ஒரு பகுதி பழைய கணக்கில் இருக்கிறது. துனிசிய அதிபர் பென் அலி காவல்துறையை வளர்த்து, ராணுவத்தைச் சிறியதாகவே வைத்திருந்தார். எகிப்திய ராணுவத்துக்கோ சொந்தமாகத் தொழிற்சாலைகளே உண்டு. இழப்பதற்கு அதனிடம் நிறைய இருந்தது.

எகிப்து அதிபர் முபாரக் விலகிய இரண்டாம் நாள், 2011 பிப்ரவரி 13 அன்று, எகிப்தின் ராணுவ உச்ச மன்றம் வெளியிட்ட பிரகடனத்தை அவளிடம் கொடுத்தேன். "ஆறு மாதங்களுக்கு, அல்லது தேர்தல்கள் முடியும்வரை" தற்காலிகமாக ஆள்வதாக அது சொல்கிறது. அந்த 'அல்லது' என்ற சொல்லின் கீழ் அவள் கோடு போட்டாள். ஆறு மாதம் பதினாறு மாதங்களைத் தாண்டியது. 2012 ஜூன் 30 அன்று, தேர்தலில் வென்ற முர்சி அதிபராகப் பதவியேற்றார். 2013 ஜூலை 3 அன்று ராணுவம் அவரை நீக்கியது. ஒரு சொல்லில் ஒளிந்திருக்கும் ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, அம்மா.

அந்தக் கண்ணுக்கு வேலை உண்டு. பன்னாட்டு அமைப்புகளின் அரசியல் விவகாரப் பிரிவுகள், வெளியுறவுப் பணி, மனித உரிமை ஆவணப்படுத்தல், இதழியல், பல்கலைக்கழகம். இளங்கலைப் பட்டம் மட்டும் போதாது என்பதையும் மறைக்க மாட்டேன். அரசியல் அறிவியலில் முதுகலை வேண்டும். கூடவே புள்ளியியலும் அரபு மொழியும். மொழியை இப்போதே தொடங்கட்டும். மொழிபெயர்ப்பை நம்பி ஒரு பிரகடனத்தை ஆராய முடியாது.

உங்கள் உண்மையான பயம் பாதுகாப்பைப் பற்றியது என்று நினைக்கிறேன். அது வீண் பயமல்ல. 2016இல் கெய்ரோவில் ஆய்வுக்குச் சென்ற ஓர் இத்தாலிய மாணவர் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். 2019இல் மக்கள் எழுந்து நின்ற சூடானில் 2023 முதல் ராணுவமும் துணை ராணுவமும் போரிடுகின்றன. களத்துக்குப் போகாமலே ஆவணங்கள், நாடாளுமன்றப் பதிவுகள், புலம்பெயர்ந்தோரின் நேர்காணல்கள் கொண்டு தரமான ஆய்வு செய்யலாம். ஆய்வு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது களப்பணிப் பாதுகாப்பைப் பற்றி முதலில் கேட்கச் சொல்லுங்கள். மழுப்புகிறவரிடம் சேர வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது சூடான் ராணுவம் 2019இல் அதிபர் அல் பஷீரை நீக்கியதைப் பற்றி அவள் ஒரு பக்கம் எழுதி எடுத்துவரட்டும். நீங்களும் உடன் வாருங்கள்.