கொளுத்துற வெயிலுக்கும் கொழுந்துவிட்டு எரியற காதலுக்கும் பொதுவா இங்கிலீஷ்ல என்ன வார்த்தை போடலாம், வேற என்னென்ன வார்த்தை இருக்கு?

ஒரே வார்த்தைதான் வேணும்னா டாரிட் (torrid). இங்கிலீஷ் குறுக்கெழுத்துல கடும் வெப்பம், காதல் வேகம், 6 எழுத்துன்னு குறிப்பு இருந்தா கண்ண மூடிட்டு அதையே எழுதுங்க. ஆனா வேற வார்த்தைகளையும் கேட்டிருக்கீங்க, இந்த விஷயத்துல நான் நல்லா அடிபட்டவன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

சில வருஷம் முன்னாடி ஒரு கதைய இங்கிலீஷ்ல மொழிபெயர்த்துக் குடுத்தேன். அதுல "தகிக்கிற காதல்"னு ஒரு இடம், நானும் டிக்ஷனரிய புரட்டி தகிப்புக்கு ஸ்வெல்டரிங் (sweltering)னு ஒண்ண புடிச்சு ஸ்வெல்டரிங் லவ்னு பெருமையா போட்டு அனுப்பிட்டேன். திருத்தினவங்க பக்கத்து ஓரத்துல "பாவம், அந்த ரெண்டு பேருக்கும் ஒரு ஃபேன் போட்டு விடுங்க"ன்னு எழுதி திருப்பி அனுப்பினாங்க.

அப்பதான் புரிஞ்சுது, வெயிலுக்கு சொல்ற எல்லா வார்த்தையும் காதலுக்கு வராது. ஸ்வெல்டரிங் வேர்த்துக் கொட்டற சூட்டுக்கு மட்டும்தான். அதோட பழைய இங்கிலீஷ் வேருக்கு "சாகறது"ன்னு அர்த்தம், வெயில்ல செத்தேன்னு நாம சொல்றோமே அதேதான். இதுல வேடிக்கை என்னன்னா சல்ட்ரியும் (sultry) அதே குடும்பத்து வார்த்தைதான், ஆனா அது மட்டும் எப்படியோ காதல் பக்கம் போயிடுச்சு. காத்தே இல்லாம புழுங்கற நாளுக்கு சல்ட்ரி, நம்ம புழுக்கம் அப்படியே பொருந்தும். ஒரு குரலுக்கும் பார்வைக்கும் கூட சல்ட்ரி, பெரும்பாலும் பொண்ணுங்களத்தான் அப்படி சொல்றாங்க. ஆனா உறவ சொல்ல மாட்டாங்க, சல்ட்ரி அஃபேர்னு போட்டா காதுக்கு ஒட்டாது.

உறவுக்கு டாரிட்தான். லத்தீன்ல காய வைக்கறது, வறுக்கறதுங்கற சொல்லுல இருந்து வந்தது, காலைல திங்கற டோஸ்ட்டும் அதே வேர்தான். அதனால இது ஈரமில்லாத, வறுத்தெடுக்கற சூடு. ஸ்கூல் ஜியாக்ரஃபில கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவுல, அதாவது பூமத்திய ரேகைக்கு ரெண்டு பக்கமும் சுமார் 23.5 டிகிரி வரைக்கும், டாரிட் ஸோன்னு படிச்சிருப்பீங்க. அங்க சூட்டுல மனுஷன் வாழவே முடியாதுன்னு அரிஸ்டாட்டில் நெனச்சாரு, அந்த ஸோன்ல உக்காந்துதான் நம்மள்ல பாதி பேரு இத படிச்சிட்டிருக்கோம்! ஒரு எச்சரிக்கை, டாரிட் அஃபேர்னா அதுல கொஞ்சம் கிசுகிசு வாசனை அடிக்கும், யாருக்கும் தெரியாம ஓடற உறவு மாதிரி. கல்யாண வாழ்த்துல போட்றாதீங்க. கிரிக்கெட் கமென்ட்ரில பௌலருக்கு டாரிட் டைம்னு சொன்னா காதல் இல்ல, செம அடி வாங்கறாருன்னு அர்த்தம்.

ஸ்டீமி (steamy) வந்து சீனுக்கு. படத்துல ஒரு காட்சி, நாவல்ல ஒரு அத்தியாயம், இந்த மாதிரி. ஆர்டென்ட் (ardent) ஆளுக்கு, ஆர்டென்ட் லவ்வர், ஆர்டென்ட் ஃபேன், அதாவது ரசிகர். லத்தீன்ல எரியறதுன்னு பொருள், தீ வைக்கற குற்றமான ஆர்சன் இதோட சொந்தக்காரன், இருந்தும் இன்னிக்கு யாரும் வெயில ஆர்டென்ட்னு சொல்றதில்ல. ஃபெர்வென்ட்டுக்கு (fervent) வேர் கொதிக்கறது, ஆனா அது பிரார்த்தனை, நம்பிக்கைன்னு சாமி பக்கம் சாஞ்சிடுச்சு. பிளிஸ்டரிங் (blistering) வெயிலுக்கு வரும், ஆனா காதலுக்கு வராது, மத்தபடி அது காட்டமான விமர்சனம், இல்லன்னா வேகம்.

எனக்கு புடிச்சது ஸ்மோல்டரிங் (smouldering). நீறு பூத்த நெருப்புன்னு நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு, வெளிய சாம்பல் உள்ள கங்கு. கண்ணுக்கு ரொம்ப பொருத்தம், பேசாமலே பாத்துட்டிருக்கற ஆளுக்கு இத விட நல்ல வார்த்தை கிடையாது. அந்தக் கதைல கூட கடைசில இதத்தான் போட்டேன், ஏன்னா அதுல ரெண்டு பேரும் வாய தொறந்து ஒண்ணுமே சொல்லிக்கல.

நாம இதுல வழுக்கறதுக்கு காரணம் இருக்கு. தமிழ்ல சூடு பெரும்பாலும் கோவத்துக்கும் பொறாமைக்கும்தான் போகுது, வயிறு எரியுது, தலைக்கு சூடேறுது. சந்தோஷம்னா மனசு குளிருது. காதல்ல கூட பிரிஞ்சாதான் எரியும், பக்கத்துல வந்தா குளுகுளுன்னு ஆயிடும். இங்கிலீஷ்ல உல்டா, கோல்டுன்னா பாசமில்லாதவன். வார்ம் வெல்கம்ங்கறத ஒருத்தர் "சூடான வரவேற்பு"ன்னு தமிழ்ல போட்டிருந்தாரு, படிச்சிட்டு வாசல்லயே கைகலப்பு ஆயிடுச்சு போலன்னு நெனச்சேன்.