வைல்டிங்கின் நான்கு விம்பிள்டன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூசிலாந்தின் அந்தோணி வைல்டிங் 1910 முதல் 1913 வரை தொடர்ந்து நான்கு முறை விம்பிள்டன் ஜெயித்ததைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். அதில் மூன்று வருஷம் அவர் ஆடியது வருஷத்துக்கு ஒரே ஒரு ஆட்டம்தானே? ஏழு ஆட்டம் ஆடி ஜெயிக்கிற இன்றைய வீரர்களோடு அவரைச் சேர்த்துப் பேசலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரே ஆட்டம் என்பது சரிதான். 1921 வரை விம்பிள்டனில் அதுதான் வழக்கம், நடப்பு சாம்பியன் சும்மா இருப்பார், மற்றவர்கள் எல்லாம் மோதி மிஞ்சுகிற ஒருவர் கடைசியில் அவரோடு ஆடுவார். 1911இல் அந்த ஒரு ஆட்டம்கூட முழுசாக நடக்கவில்லை. ஆளுக்கு இரண்டு செட் என்ற நிலையில் ரோப்பர் பாரெட் விலகிவிட்டார். அந்த வருஷத்தை நானும் தூக்கிப்பிடிக்க மாட்டேன்.

ஆனால் 1910இல் அவர் முதல் சுற்றிலிருந்து ஆடி வந்தவர். பீல்ஸ் ரைட்டிடம் முதல் இரண்டு செட்டையும் விட்டு, அடுத்த மூன்றையும் எடுத்து, அப்புறம்தான் சாம்பியன் ஆர்தர் கோரைத் தோற்கடித்தார். (கோருக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த கடிதம் வரும்.) 1913இல் எதிரே நின்றவர் மாரிஸ் மெக்லாக்லின், இடி மாதிரி சர்வீஸ் போடுகிற கலிஃபோர்னியா இளைஞர். வைல்டிங் 8-6, 6-3, 10-8 என்று நேர் செட்டில் முடித்தார். அதே வருஷம் பாரிஸில் களிமண் தரையிலும் ஸ்டாக்ஹோமில் உள்ளரங்கிலும் உலகப் பட்டம். அங்கெல்லாம் அவர் நடப்பு சாம்பியன் இல்லை, ஒவ்வொரு சுற்றாக ஆடித்தான் ஜெயிக்க வேண்டும்.

உட்கார்ந்து காத்திருப்பது எப்போதும் லாபம் என்றும் இல்லை. 1914இல் எல்லாச் சுற்றும் ஆடிவிட்டு வந்த நார்மன் புரூக்ஸ், டேவிஸ் கோப்பையில் இவருடைய சொந்தக் கூட்டாளி, நேர் செட்டில் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார். திருப்பிப் பிடிக்க வைல்டிங்குக்கு வாய்ப்பே வரவில்லை. 1915 மே 9 அன்று பிரான்ஸ் போர்முனையில் குண்டு விழுந்து இறந்தார், வயது 31.

எனக்கு உறுத்துவது வேறு. ஜெயித்தால் பரிசுப்பணம் கிடையாது என்ற அந்த அமெச்சூர் காலத்தில் யாரால் வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போய் ஆட முடிந்தது? வைல்டிங்கின் அப்பா கிறைஸ்ட்சர்ச்சில் வசதியான வக்கீல், வீட்டிலேயே டென்னிஸ் ஆடுகளம், மகனுக்குக் கேம்பிரிட்ஜ் படிப்பு. கூலி வேலை பார்த்தவன் எவனும் அந்தச் சாம்பியன்கள் பட்டியலுக்குள் நுழைந்திருக்கவே முடியாது. அவர் பட்டத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுவதென்றால் நான் இதற்காகத்தான் போடுவேன்.