முகப்புச் செங்கலைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டலாமா?

கேள்வி: திருவான்மியூரில் உள்ள எங்கள் வீடு 1994இல் கட்டப்பட்டது. தெருப்பக்கச் சுவர் பூச்சில்லாத செங்கல் சுவர். அதன் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்து, சில கற்களின் முகம் செதில் செதிலாக உதிர்கிறது. முகப்புச் செங்கல் முழுவதையும் பெயர்த்துவிட்டு, செங்கல் தோற்றமுள்ள கிளாடிங் டைல்ஸ் ஒட்டித்தர ஒப்பந்ததாரர் ஒருவர் 1,80,000 ரூபாய் கேட்கிறார். பாதித் தொகை முன்பணமாம். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். நம் ஊர் வீடுகளில் வெளியே தெரியும் செங்கல் பெரும்பாலும் தனி அலங்கார அடுக்கு அல்ல. ஒன்பது அங்குலச் சுவரின் பாதியாக, உட்புறக் கற்களோடு பின்னிக் கட்டப்பட்டிருக்கும். தூண், உத்தரம் இல்லாத வீடாக இருந்தால் கூரையின் பாரமும் அந்தச் சுவரின் மீதுதான் இருக்கும். ஆகவே, கட்டுமானப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் எந்த ஒப்பந்ததாரரையும் உளியை எடுக்க விடாதீர்கள்.

அடுத்தது உப்பு. மண்ணின் ஈரம் சுவரில் ஏறி, வெளிமுகத்தில் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்பு படிகமாகிக் கல்லின் முகத்தைத் தள்ளுகிறது. பாதிப்பு கீழ்ப்பகுதியில் மட்டும் இருப்பதால், தெருவோ முற்றமோ உயர்த்தப்பட்டு ஈரத்தடுப்புப் பட்டை (மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் சுவரின் அடியில் வைக்கும் அடுக்கு) மண்ணுக்குள் போய்விட்டதா, சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி உள்ளதா, மழைநீர்க் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் டைல்ஸ் ஒட்டினால், அதே உப்பு பின்னாலிருந்து பசையை நெகிழ்த்தி அவற்றையும் கழற்றிவிடும். பளபளப்பான வார்னிஷ் பூசுவதும் ஈரத்தை உள்ளே அடைக்கும் வேலையே.

என் கருத்தில், உதிர்ந்த கற்களை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டியெடுத்துப் புதுக்கல் வைத்து, கற்களுக்கு இடையிலான இடுக்குகளைக் கலவையால் அடைத்து (பாயிண்டிங்) முடித்தால் போதும். நிறம் சற்று மாறித் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். புதுக்கல் வாங்குமுன் ஒரு கல்லை நன்கு உலர்த்தி எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் எடைபோடுங்கள்; சாதாரணச் செங்கலுக்கான ஐ.எஸ். 1077 என்ற இந்தியத் தரப்படி எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது, அதாவது மூன்று கிலோ கல்லில் 600 கிராம். கட்டுவதற்கும் நனைப்பதற்கும் உப்புத் தண்ணீர் வேண்டாம்.

எவரிடம் வேலை கொடுத்தாலும் பொருள், கூலி, சாரம், குப்பை அகற்றுதல் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வாங்குங்கள். பணத்தை வேலை முடிய முடியக் கொடுத்து, ஒரு பகுதியை வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிறுத்திவைக்க முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒப்பந்தமும் ரசீதும் கையில் இருந்தால், வேலையில் குறை வந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்து பார்க்கலாம்.