கரும்புத் தோகையோடு அகாசியா தழை: செம்மறிக்கு எவ்வளவு போடலாம்?

கேள்வி: மொரிசியசின் மேற்குப் பகுதியில், பாம்பூ அருகே, சில செம்மறிப் பெட்டைகள் வளர்க்கிறேன். மழைக்காலத்தில் புல்லிலேயே தேறிவிடுகின்றன. ஜூன் முதல் கரும்புத் தோகையும் காய்ந்த புல்லும்தான். எவ்வளவு போட்டாலும் மெலிகின்றன. வேலியோரத்து அகாசியா தழையைக் கொடுக்கலாமா? முடி கொட்டும் என்கிறார்களே?

பதில்: அன்புள்ள ஐயா, தங்கள் ஆடுகளின் மெலிவுக்குப் புரதக் குறையே காரணம் என்று கருதுகிறேன். கரும்புத் தோகையில் உலர் எடைக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சதவீதம் புரதமே உண்டு. முற்றிக் காய்ந்த புல்லும் அதே நிலைதான். ஆட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்குத் தீவனத்தில் 7 சதவீதப் புரதமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் தின்ற நார் செரிக்காமல் வயிற்றிலேயே தேங்கிவிடுவதால், தொட்டி நிறையத் தோகை கிடந்தாலும் ஆடு மேற்கொண்டு வாய் வைக்காது. தழை சேர்த்தால் அந்தத் தோகையே நன்கு செரிக்கும், தீனி எடுப்பதும் கூடும்.

இங்கே அகாசியா என்கிற மரம், தமிழ்நாட்டில் சூபாபுல் அல்லது சவுண்டல் எனப்படுவதே. இலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கிறது. கூடவே மைமோசின் என்னும் நச்சுப் பொருளும் இருக்கிறது. ஆகவே முடி கொட்டும் என்று தாங்கள் கேள்விப்பட்டது உண்மையே. அதையே முழுத் தீனியாகத் தின்னும் ஆட்டுக்கு முடி கொத்தாகக் கழன்று வரும், எச்சில் வழியும், நாளடைவில் தைராய்டு சுரப்பி வீங்கிக் கழுத்தில் கட்டி போலத் தெரியும். ஹவாய்த் தீவின் ஆடுகளின் பெருவயிற்றில் இந்த நச்சைச் சிதைக்கும் நுண்ணுயிர் உண்டு என்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். ஆனால் எல்லா மந்தைகளிலும் அது இருக்கும் என்று நம்பிவிட முடியாது என்பதால், அளவோடு கொடுப்பதே பாதுகாப்பு.

30 கிலோ எடையுள்ள பெட்டை நாளொன்றுக்கு ஈரம் நீங்கிய எடையில் ஏறத்தாழ 1 கிலோ தீவனம் தின்னும். அதில் கால் பங்கு அகாசியாவாக இருக்கலாம். பச்சைத் தழையாக நிறுத்தால் 800 கிராமிலிருந்து 1 கிலோ வரை வரும். முதல் நாள் ஒரு கைப்பிடியில் தொடங்கி, இரண்டு வாரங்களில் இந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். சினையின் கடைசி ஆறு வாரங்களில் குட்டி வேகமாக வளர்வதால் புரதம் அதிகம் தேவைப்படும். ஆனால் அப்போது அகாசியாவைக் குறைத்து, மல்பெரி, கிளைரிசிடியா, முருங்கைத் தழைகளைக் கூட்டுங்கள், ஏனெனில் மைமோசின் வயிற்றுக் குட்டியின் தைராய்டையும் பாதிக்கக்கூடும். கிளைரிசிடியாவின் வாடை பிடிக்காமல் ஆடுகள் முதலில் முகர்ந்துவிட்டு ஒதுங்கும். முதல் நாள் மாலையே வெட்டி, இரவு முழுவதும் வாடவைத்துக் கொடுத்தால் பழகிவிடும்.

தழையைத் தரையில் போடாமல் ஆட்டின் தலை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். மிதிபட்டு வீணாகாது என்பதோடு, புழுக்கையும் மண்ணும் படாததால் குடற்புழுத் தொல்லையும் குறையும். தாது உப்புக் கட்டி வாங்கும்போது செம்மறிக்கென்று தயாரித்ததையே கேட்டு வாங்குங்கள், மாட்டுக்கானதில் உள்ள தாமிரம் செம்மறிக்கு விஷமாகிவிடும்.

வேலியோரத்தில் தழை ஒடிக்கும்போது உண்ணிச்செடி, அதாவது இங்கே வியேய் ஃபீய் எனப்படும் செடி, கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைத் தின்ற ஆட்டுக்கு ஈரல் கெட்டு, கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளாகும், வெயில் பட்ட காதும் மூக்கும் வீங்கித் தோல் உரியும். அப்படி ஏதேனும் கண்டால் உடனே நிழலில் கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு இப்போதே திட்டமிடுவது நல்லது. டிசம்பர், ஜனவரி மழையில் 1 மீட்டருக்குக் குறையாத கிளைரிசிடியா போத்துகளை, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளைத் துண்டுகளை, வேலியாக நட்டுவிடுங்கள். மரம் நன்கு வேர்பிடித்த பின், ஆண்டுதோறும் மழை முடியும் தறுவாயில் ஒரு முறை கவாத்து செய்தால், வறண்ட மாதங்களில் இலை உதிராமல் இளந்தழை கிடைக்கும். அகாசியாவை மட்டும் காய் முற்றுவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். விதை சிதறினால் பக்கத்து நிலத்திலும் அடர்ந்துவிடும்.