தறிச் சத்தத்தில் டாம் அண்ட் ஜெர்ரி

அன்புள்ள சார்,

நாலைந்து வருடமாக உங்கள் தளத்தைப் படிக்கிறேன், கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன வாரம் என் பையன் (இரண்டாம் வகுப்பு) மொபைலில் ஏதோ பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். எதையும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போலப் பார்ப்பதில்லை, தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டே இருக்கிறான். 97, 98-ல் நாங்கள் ஸ்கூல் விட்டு ஓடிவந்து கார்ட்டூன் நெட்வொர்க் முன்னால் உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. ஸ்கூபி டூ, ஸ்வாட் கேட்ஸ், டெக்ஸ்டர், ஜானி பிராவோ. இங்கிலீஷில் ஓடிய வரைக்கும்தான் சார் அது பொற்காலம். தமிழில் பேச வைத்தார்கள், உயிரே போய்விட்டது. அப்புறம் சுட்டி டிவி, டோரா, "குள்ளநரி திருடக்கூடாது"... சொல்லவே வேண்டாம். நீங்களும் சேலத்துக்காரர், எங்கள் வயதுதான் இருக்கும். இதைப் பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதியதில்லை? உங்களுக்குப் பிடித்த கார்ட்டூன் எது?

கே., அஸ்தம்பட்டி

அன்புள்ள கே.,

எழுதாததற்குக் காரணம் ரொம்பச் சின்னது. நீங்கள் சொல்லும் பொற்காலம் என் காதில் விழவே இல்லை.

எங்கள் வீடு அம்மாப்பேட்டையில். முன்னால் ஒரு கூடம், நடுவில் சரியாகச் சாத்தாத மரக்கதவு, அதற்குப் பின்னால் நாலு விசைத்தறி. காலையில் ஓட ஆரம்பித்தால் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் நிற்கும். தறி ஓடும் வீட்டில் யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள், ஒன்று கத்துவார்கள், இல்லாவிட்டால் கை ஜாடை. அந்தக் கூடத்தில்தான் டிவி. சத்தத்தை முழுசாகத் திருப்பி வைத்தாலும் தறியின் தடக் தடக்குக்கு மேலே எதுவும் வராது. கரண்ட் போனால் தறி நிற்கும், ஆனால் கூடவே டிவியும் போய்விடும், அதனால் அதிலும் பிரயோஜனம் இல்லை.

டிவியில் பன்னிரண்டு பட்டன்தான். கேபிள்காரர் புதுசாக ஏதாவது சேனல் கொண்டுவந்தால் முதலில் இடம் மாறுவது கார்ட்டூன்தான். கடைசிப் பட்டனுக்குத் தள்ளிவிடுவார், அங்கே படம் புள்ளி புள்ளியாக வரும். போய்க் கேட்டால், "சின்னப் பசங்க சேனல்தானே, அதுக்கு இது போதும்" என்பார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

நானும் அக்காவும் தார்க் குச்சியில் ஊடை நூல் சுற்றிக்கொண்டே பார்ப்போம். சத்தம் இல்லாமல் ஸ்கூபி டூ பார்த்திருக்கிறீர்களா? நாலு பேரும் ஒரு நாயும் வாயை அசைக்கிறார்கள், ஓடுகிறார்கள், திரும்பவும் வாயை அசைக்கிறார்கள், கடைசியில் ஒரு பேயைப் பிடித்து முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு மனுஷன். ஏன் எதற்கு என்று ஒன்றும் புரியாது. சத்தம் கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது, நான் முனிசிபல் ஸ்கூலில் தமிழ் மீடியம். அதனால் அக்காவே என் காதோரம் வாயை வைத்துக் கதை சொல்லுவாள். அவள் கதையில் அந்த முகமூடி ஆசாமி எப்போதுமே எங்களுக்குப் பாவு நூல் கொடுத்து நெய்யச் சொல்லி, கடைசியில் கூலியில் மீட்டருக்கு இத்தனை பைசா என்று பிடித்துக்கொள்கிறவர்தான். வாரா வாரம் அவரை ஒரு நாய் பிடித்துக் கொடுக்கும். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

சத்தம் இல்லாமலும் முழுசாகக் கிடைத்தது டாம் அண்ட் ஜெர்ரி மட்டும்தான். பூனை ஓடும், எலி ஓடும், பின்னால் தறி ஓடும். அந்தக் காலடிக்கெல்லாம் எங்கள் தறிதான் தாளம் போடுகிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமாவாசைக்குத் தறி லீவு. அப்படி ஒரு அமாவாசைக் காலையில் வழக்கம்போல டிவியைப் போட்டேன். முந்தின நாள் முழுசாகத் திருப்பி வைத்த சத்தம் அப்படியே இருந்ததில் தெருவே அதிர்ந்தது. அப்பா பல்குச்சியோடு திட்டிக்கொண்டே ஓடிவந்தார். திரையில் டாம் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பியானோ வாசிக்கிறான், ஜெர்ரி பியானோவுக்குள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறான். நான் அதற்கு முன்னால் ஏழெட்டுத் தடவை பார்த்த படம். பூனை கறுப்பு வெள்ளைக் கட்டைகளைத் தட்டுகிறது, எலி எலிப்பொறி வைத்து விரலைக் கடிக்க விடுகிறது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, விரல் எங்கே விழுகிறதோ அங்கே அந்தச் சுரம் விழுகிறது, அடி விழும் இடத்தில்கூடப் பாட்டு நிற்காமல் அந்த அடியையும் சேர்த்துக்கொண்டு போகிறது. அப்பா குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இதுக்குப் பாட்டெல்லாம் இருக்கா?" என்றார். முடியும் வரை நின்றே பார்த்தார்.

அது லிஸ்ட் என்ற ஹங்கேரி இசையமைப்பாளரின் இரண்டாம் ஹங்கேரியன் ராப்சடி என்பதெல்லாம் காலேஜ் முடித்த பிறகு தெரிந்துகொண்டது. 1947-ல் வந்த படம், ஆஸ்கர் வாங்கியது. அந்த வரிசையில் மொத்தம் ஏழு படங்கள் ஆஸ்கர் வாங்கியிருக்கின்றன. இசை ஸ்காட் பிராட்லி என்பவர். வருடத்தைக் கவனியுங்கள். அது சினிமாக் கொட்டகைக்காக எடுத்த படம், நம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சுந்தரம் படம் எடுத்துக்கொண்டிருந்த காலம். டெட் டர்னர் என்ற அமெரிக்க டிவி முதலாளி 1986-ல், டாம் அண்ட் ஜெர்ரி எடுத்த எம்ஜிஎம் கம்பெனியின் பழைய படங்களை வாங்கினார், 1991-ல் ஸ்கூபி டூ எடுத்த ஹன்னா பார்பரா கம்பெனியையும் வாங்கினார், கையில் குவிந்த சரக்கை ஓட்ட 1992-ல் அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க்கை ஆரம்பித்தார். அது 1995-ல் இந்தியாவுக்கு வந்தது. பகலில் கார்ட்டூன், ராத்திரியில் அதே சேனலில் டர்னரின் இன்னொரு சேனலான டிஎன்டியின் பழைய இங்கிலீஷ் படங்கள் என்று 2001 வரை ஓடியது. டெக்ஸ்டரும் ஜானி பிராவோவும் புதுசு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஸ்கூபி டூ 1969. நம் பொற்காலத்தில் பாதி நம் தாத்தாவும் அப்பாவும் பார்த்திருக்க வேண்டிய படங்கள். அப்பா நின்று பார்த்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

தமிழ் வந்து உயிர் போனது என்கிறீர்களே, அதில்தான் உங்களோடு சண்டை. டப்பிங்கில் அபத்தம் இல்லையா என்றால் நிறைய இருந்தது. அதே நாலு குரல், எந்த ஊரிலும் யாரும் பேசாத ஒரு தமிழ். சரி. ஆனால் ஸ்கூபி டூவைத் தமிழில் கேட்ட அன்றைக்குத்தான் அந்த மனுஷன் எதற்குப் பேய் வேஷம் போட்டான் என்பதே எனக்குத் தெரிந்தது. ஊர்க்காரர்களைப் பயமுறுத்தி ஓட்டிவிட்டு இடத்தை வளைத்துப்போடப் பார்த்திருக்கிறான்! நீங்கள் இங்கிலீஷ் மீடியமாக இருந்திருப்பீர்கள், இதெல்லாம் உங்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

டோராவையும் விட்டுவிடுங்கள். 2007-ல் சுட்டி டிவி வந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு தறியை விற்றாகிவிட்டது, சத்தமும் பாதியாகிவிட்டது. அக்கா பெண்ணுக்கு நாலு வயசு. டோரா கேள்வி கேட்டுவிட்டு முழித்துக்கொண்டு நிற்பாள் இல்லையா, நமக்கெல்லாம் எரிச்சல் வரும் அந்த இடம், அங்கே இவள் எழுந்து நின்று பதில் சொல்லுவாள். ஒருநாள் இவள் தூங்கிவிட்டாள், டிவி மட்டும் ஓடுகிறது. தறி ஓட்டுகிறவர், ஐம்பது வயசு ஆள், தார்ப் பெட்டியோடு உள்ளே வந்தவர் டோரா கேட்டதும் நின்று, "பின்னாடி பாரும்மா, பின்னாடிதான் நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த டிவியில் எது ஓடியும் அவர் அதுவரை பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

பிடித்தது எது என்று கேட்டிருந்தீர்கள். பியானோ வாசிக்கும் பூனைதான், வேறு எதுவும் கிட்டே வராது.

உங்கள் கடிதத்தை அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஸ்கூபி டூவில் அந்த முகமூடிக்குள் யார் இருப்பார் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வேற யாரு, கூலி பிடிச்சவன்தான்" என்றாள்.