‘கமாண்டோ’ என்று சொல்லி மூன்றரை லட்சம் வாங்கியவர்: என்ன வழக்குப் போடலாம்?

கேள்வி: வக்கீல் அண்ணாச்சிக்கு வணக்கம். எங்களுக்கு களக்காடு பக்கம். அப்பா வாழை போடுகிறார். எங்கள் ஊரில் வாடகைக்கு வந்த ஒருவர், பாரா கமாண்டோவாக இருந்து ரிட்டயர் ஆனதாகச் சொல்லிக்கொண்டார். இரண்டு வருடம் முன்பு சுதந்திர தினத்தன்று யூனிஃபார்ம், மெரூன் தொப்பி, மெடல் எல்லாம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் கொடியேற்றினார். என் தம்பியைப் பட்டாளத்தில் சேர்த்துவிடுவதாக அப்பாவிடம் மூன்றரை லட்சம் வாங்கினார். ஒன்றரை லட்சம் அவர் மனைவியின் நம்பருக்கு ஜிபே, மீதி ரொக்கம். வாட்ஸப்பில் வந்த ஆர்டர் போலி. இவர் பட்டாளத்திலேயே இருந்ததில்லை என்று எங்கள் ஊர் முன்னாள் ராணுவத்தினர் சொல்கிறார்கள். ராணுவத்தின் பெயரைக் கெடுத்ததற்காக இவரை உள்ளே தள்ள முடியுமா? பணம் வருமா? எல்லாவற்றையும் வீடியோவாகப் போடப்போகிறேன் என்று அண்ணன் குதிக்கிறான்.

பதில்: தங்கச்சி, உங்கள் கோபம் முழுக்க அந்தத் தொப்பியின் மேல் இருக்கிறது. வழக்கு பலமாக இருப்பது பணத்தில். அதனால் தொப்பியை முதலில் பேசி முடித்துவிடுகிறேன்.

டீக்கடையில் உட்கார்ந்து ‘கார்கிலில் நான்தான் முன்னால் போனேன்’ என்று ஒருவர் அளந்துவிட்டால், அந்தப் பொய்க்கென்று நம் நாட்டில் தனித் தண்டனை இல்லை. அமெரிக்காவில் 2006-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். கலிபோர்னியாவில் அல்வாரெஸ் என்ற தண்ணீர் வாரிய உறுப்பினர், நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் தனக்குக் கிடைத்ததாகக் கூட்டத்தில் சொல்லி அதில் மாட்டினார். 2012-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், வெறும் பொய்க்குத் தண்டனை கொடுப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்று அந்தச் சட்டத்தையே செல்லாதாக்கியது. மறுவருடம், அந்தப் பொய்யை வைத்துப் பணமோ வேறு ஆதாயமோ பெற நினைத்தால்தான் குற்றம் என்று மாற்றிப் போட்டார்கள். நம் சட்டமும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது.

யூனிஃபார்முக்கு நம்மிடம் ஒரு பிரிவு இருக்கிறது: பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 168. சிப்பாய் அல்லாதவர், தன்னைச் சிப்பாய் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடையையோ சின்னத்தையோ போட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எண்ணம்தான் இதில் முக்கியம். மாறுவேடப் போட்டிக்குப் போட்டாலோ, பையன்கள் பச்சைப் புள்ளி பேன்ட் மாட்டிக்கொண்டு திரிந்தாலோ குற்றம் ஆகாது. உங்கள் ஆளுக்கு எண்ணம் இருந்தது. ஆனாலும் அவருடைய வக்கீலுக்கு இரண்டு ஓட்டை கிடைக்கும். ‘ரிட்டயர் ஆனவன் என்றுதானே சொன்னார், சிப்பாயாக இருக்கிறேன் என்று சொல்லவில்லையே’ என்பது ஒன்று. இன்னொன்று காலவரம்பு. ஒரு வருடம் வரை மட்டுமே சிறை விதிக்கக்கூடிய குற்றங்களை ஒரு வருடத்துக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டும். அந்தக் கொடியேற்றம் நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அரசு ஊழியராக நடித்ததற்கான 204-ஐயும் சிலர் சொல்வார்கள். அதற்குக் குறைந்தது ஆறு மாதம் சிறை உண்டுதான். ஆனால் இப்போது பதவியில் இருப்பதாகச் சொல்லி, அந்தப் பதவியின் பெயரில் ஏதாவது செய்திருக்க வேண்டும். ரிட்டயர் கதைக்கு அது சரியாகப் பொருந்தாது.

இனி பணம். ஏமாற்றிப் பணம் பறித்ததற்கு அதே சன்ஹிதாவின் 318(4), ஏழு வருடம் வரை சிறை. தான் அல்லாத ஒருவராகக் காட்டி ஏமாற்றியதற்கு 319(2), ஐந்து வருடம் வரை. போலி ஆர்டரை அவரே தயாரித்து அனுப்பியிருந்தால் போலி ஆவணப் பிரிவுகளும் சேரும். பணம் கொடுத்தது 2024 ஜூலை 1-க்கு முன்பு என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420, 419. நம்பர் மாறுமே தவிர குற்றம் அதேதான். கமாண்டோ கதை இங்கேதான் உங்களுக்கு உதவும். அந்தத் தொப்பியை நம்பித்தான் அப்பா பணத்தை எடுத்துக் கொடுத்தார். பொய்யினால் நம்பி, நம்பியதால் கொடுத்தார் என்பதைக் காட்டிவிட்டால் மோசடி நிற்கும். பள்ளிக்கூடத்து போட்டோவும் இதற்கு சாட்சியாக வரும்.

சரி, கஷ்டமான பகுதிக்கு வருவோம். பணத்தைக் கேட்டு சிவில் வழக்குப் போட்டால் சிக்கல். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 23-ல், எடுத்துக்காட்டாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்: அரசு வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்ல, அதற்கு ஆயிரம் ரூபாய் தருவதாக இன்னொருவர் ஒப்புக்கொண்டால் அந்த ஒப்பந்தம் செல்லாது. உங்கள் அப்பாவின் கதை வரிக்கு வரி அதுதான். கூடவே, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம். அதனால் அந்த ஆள் என்ன சொல்லிப் பணம் கேட்டார் என்பதை அப்பாவிடம் பொறுமையாகக் கேளுங்கள். ‘ட்ரெய்னிங் ஃபீஸ்’ என்றாரா, ‘மேலே ஆபீசருக்குக் கொடுக்கணும்’ என்றாரா? எதுவாக இருந்தாலும் அதை மாற்றிச் சொல்ல வேண்டாம். ஆனால் புகார் எழுதுவதற்கு முன்பு ஒரு வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

(2022-ல் அக்னிபத் வந்த பிறகு சாதாரண சிப்பாய்க்கான நுழைவு அக்னிவீர் வழியாகத்தான். ஆன்லைன் பொதுத் தேர்வு, அப்புறம் ஓட்டம், மருத்துவப் பரிசோதனை. கமாண்டோவுக்குத் தனியாக சிபாரிசுக் கோட்டா கிடையாது. இதை உங்கள் தெருவில் நாலு வீட்டில் சொல்லி வையுங்கள்.)

புகாரை உங்கள் ஊர் ஸ்டேஷனில் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ‘பேசி முடிச்சிக்கிடுங்க’ என்பார்கள். அவரும் ‘ரெண்டு மாசத்துல தாரேன் அண்ணாச்சி’ என்று ஒரு பேப்பரை நீட்டுவார். பல குடும்பங்கள் விழுந்த குழி அது. அதில் ‘கைமாற்றாக வாங்கிய தொகை’ என்று ஒரு வரி இருந்து அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டால், மோசடி வழக்கு அன்றைக்கே கடன் தகராறாகிவிடும். புரோநோட்டும் வேண்டாம், பின்தேதி போட்ட செக்கும் வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் வங்கி மூலம் வாங்குங்கள், எதற்கு என்று எழுதித் தராதீர்கள். எஃப்.ஐ.ஆர் போட மறுத்தால் பதிவுத் தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கு எழுதுங்கள். அங்கேயும் அசையவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். என் அனுபவத்தில் எஃப்.ஐ.ஆர் விழுந்து, அந்த ஆள் மதுரை கிளையில் முன்ஜாமீனுக்கு அலையும் கட்டத்தில்தான் பணம் பேச்சுக்கு வரும். 318(4)-ஐ நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அவர் பட்டாளத்தில் இருந்தாரா என்பதை போலீஸ் சுலபமாகக் கண்டுபிடித்துவிடும். டிஸ்சார்ஜ் புத்தகம், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, பதினைந்து வருடம் முடித்திருந்தால் பென்ஷன் ஆர்டர் என்று கையில் இருக்க வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் பதிவைக் கேட்கலாம். ‘நாங்க போனது சீக்ரெட் மிஷன், ரெக்கார்டே இருக்காது’ என்பார். எவ்வளவு ரகசியப் படையில் இருந்தவருக்கும் பென்ஷன் மட்டும் ரகசியமாக வருவதில்லை.

அண்ணனின் வீடியோவை நிறுத்துங்கள். கிரிமினல் அவதூறு வழக்கில், உண்மை என்று மட்டும் சொன்னால் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். அதை நிரூபிக்கும் பாரத்தை நீங்களே ஏன் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள்? வீடியோவைப் பார்த்த அன்றே அவர் வீட்டைக் காலி பண்ணிவிட்டால் சம்மனை எங்கே போய்க் கொடுப்பது? அதற்குப் பதிலாக அண்ணனிடம் இந்த வேலையைக் கொடுங்கள்: அப்பாவின் போனை மாற்றாமல், வாட்ஸப்பை அழிக்காமல் பத்திரமாக வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணுச் சாட்சிக்கு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 63-ன்படி சான்று தேவை, அசல் போன் கையில் இருந்தால் அது சுலபம். வங்கியில் ஸ்டேட்மென்ட் வாங்க வேண்டும். ரொக்கம் கொடுத்தபோது திண்ணையில் யார் யார் இருந்தார்கள் என்று அப்பாவும் அம்மாவும் தனித்தனியாக இப்போதே எழுதி வைக்கட்டும்.